கருமணல் மூட்டைகள்

துறைமுகத்துக்குப் பக்கத்தில், அணு மின் நிலையங்களுக்கான கனநீர் ஆலை எழும்பிக்கொண்டிருந்த சமயம். திருச்செந்தூர் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணே, கடக்கரையில அள்ளிக் கெட்டி வச்ச அந்தக் கருமணல் மூட்டையள என்னைக்குத்தான் விப்பீய?"

"ஏளா, மெதுவாப் பேசு."

"அணு மின்சாரத்துக்கு நல்ல வெலைக்கு எடுப்பாவன்னுதான எம் வளையல வாங்கி முதல் போட்டீய?"

"அத கவர்மெண்டு மட்டும்தான் அள்ளலாமாம். நாம விக்கக் கூடாதாம்."

அவள் வெறுங்கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரவுககிட்ட வளையல் தொலஞ்சிட்டுன்னுல்லா சொல்லிட்டேன். வீட்டு வேலைக்கு நின்ன மரியா மேல சந்தேகப்பட்டு அவள நிறுத்திட்டாவ."

அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நேத்து சந்தையில அவளப் பாத்தேன். 'வளையல் கெடச்சிட்டா, அக்கா?'ன்னு கேட்டா."