நூறாவது நாள் செலிப்ரேஷன்

வல்லம் வடகால் தொழிற்பேட்டையிலிருந்து திரும்பும் கம்பெனி பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவளின் விரல்களில் புதுக் கட்டு.

"ஹாஸ்டல் கதவுல நசுங்கிச்சின்னு எழுதிக் குடுத்துடும்மா," என்றாள் மூத்தவள். "நாளைக்கு ஆக்சிடெண்ட் இல்லாத நூறாவது நாள். செலிப்ரேஷன் கீது. பேனர்லாம் அடிச்சிட்டாங்க."

"மெஷின்லதானக்கா நசுங்குச்சு? நீங்கதான ஓடி வந்து நிறுத்துனிய?"

"அதுக்கு இன்னா பண்றது? இல்லன்னா போர்டுல மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணணும். லைன்ல அத்தினி பேரும் நம்மளத்தான் திட்டுவாங்க."

"செலிப்ரேஷன்ல என்னக்கா செய்வாவ?"

"கேக் வெட்டுவாங்க. எல்லாரும் கை தட்டுவோம்."

இளையவள் கட்டுப்போட்ட கையை எடுத்து மூத்தவளின் மடியில் வைத்தாள்.

"எழுதித் தாரேன். ஆனா என்னால தட்ட முடியாது. எனக்கும் சேத்து நீங்களே தட்டிருங்கக்கா."