முப்பத்துநாலு தார்சு வூடு

— அப்ப இடிக்கறது நெசந்தான்னு சொல்லு.

— நெசந்தாங்க லூர்தக்கா. காலைல கடையத் தொறந்து ஜெராக்ஸ் மிஷினப் போடறதுக்குள்ள ஃபோன் வந்துச்சு. பஸ்ஸுக்குக்கூட நிக்கல, பாப்பாரப்பட்டியிலேர்ந்து ஷேர் ஆட்டோ புடிச்சு நேரா வரேன். இந்தாங்க, ஆர்டர் காப்பி. குட்டைமேடு காலனி தொகுப்பு வூடு முப்பத்துநாலையும் இடிச்சுட்டு, புதுசா கட்டறதுக்கு முழு நிதியும் அரசாங்கமே குடுக்குதுன்னு போட்டிருக்குது.

— படிக்கத் தெரியாதவ கையில காயிதத்தக் குடுத்தா நான் என்னத்தக் கண்டேன். நீயே இன்னொருக்கா படி, நிர்மலா. முப்பத்துநாலும் இருக்குதில்ல? கோடி வூட்டு தீர்த்தகிரி பேரு உட்டுப் போவலையே?

— பதினேழாவதா அவரு பேரு. உங்க வூடு, சவரி மாமா பேருல, ஒம்பதாவது. ஒண்ணும் உட்டுப் போவலீங்க. ஆட்டோவுல வரப்பவே மூணு தடவ எண்ணிட்டேன்.

— ஆண்டவரே. இரு கண்ணு, நான் உக்காந்துக்கறேன். நீயும் இந்தக் கட்டில்லயே உக்காரு. ரெண்டு மழைக்காலமா இந்தப் புளியமரத்தடிதான் எங்களுக்கு வூடு. வந்தவள உள்ள வான்னு கூப்புட முடியாத பொழப்பு.

— எனக்குத் தெரியாததுங்களா. மாமா எங்கங்க, காணோம்?

— பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கறாரு, தோளுக்கு மாத்தர வாங்க. தலைக்கு மேல தார்சு பேந்து உழுந்ததுல எலும்பு என்னமோ கூடுச்சு, கை மேல எழும்பல. இன்னமும் தூக்கத்துல ஒதறிக்கிட்டு எந்திரிக்கறாரு. வானத்துக்குக் கீழ படுத்துக்கிட்டு, தார்சு உழுவுதுன்றாரு. வரட்டும். இன்னிக்காவது நிம்மதியாப் படுப்பாரு.

— கட்டி முடிக்கற வரைக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி தகர ஷெட் போட்டுத் தராங்களாம். அதுக்கும் தனியா ஒதுக்கியிருக்குது. கக்கூஸ் வூட்டோடவே சேந்து வருது. ஜன்னலு ரெண்டு.

— ஜன்னல அப்புறம் பாத்துக்கலாம். மெட்ராசுல என்ன நடந்துச்சுன்னு மொதல்ல சொல்லு. மொரப்பூருக்குப் போயி ரயிலேறுனவ, திரும்பி வந்து மூணு மாசமாச்சு. கேட்டா, பேசிட்டேங்க்கா, பாக்கலாங்க்கான்ற. ஆறு வருசமா வாய் ஓயாத மனுஷி, அதுல மட்டும் ஊமையாயிட்ட.

— சொல்றேங்க்கா. அதச் சொல்லத்தான் ஓடி வந்தேன். அதாவது, நம்ம மனு இத்தினி வருசமா எங்க போயி முட்டுச்சுன்னு ஞாபகம் இருக்குதுங்களா?

— இல்லாமயா. ஒருக்கா அரசாங்க வூடு வாங்குனவனுக்கு மறுக்கா கெடையாதுன்னாங்க. வேணும்னா பூசிக்குங்க, பழுதுபாக்க நிதி தரோம்னாங்க. அவங்க பூசுனதுதான அவரு தோள் மேல உழுந்துச்சு.

— அது ஒண்ணு. அதுக்கு மேல ஃபைல்ல ஒரு குறிப்பு வேற இருந்துச்சுங்க. குடியிருக்கறவங்க வூட்ட சரியாப் பராமரிக்கல, தார்சு மேல சோளத் தட்டுப்போர் வெச்சாங்க, உள்ள ஆடு கட்டுனாங்க, அடுப்புப் பொகையில கம்பி துருப்புடிச்சுப் போச்சுன்னு. அத எழுதுனது யாருன்னுகூடத் தெரியல. ஆனா திங்கக்கிழம திங்கக்கிழம கலெக்டர் ஆபீசுக்கு நாம தூக்கிக்கிட்டுப் போன மனு எல்லாத்தையும் அந்த நாலு வரிதான் திருப்பி அனுப்பிச்சுது.

— ஆடு கட்டுனா தார்சு உழுவுமா? அப்பிடிப் பாத்தா இந்த ஜில்லாவுல ஒரு வூடு நிக்காது.

— மெட்ராசுல நானும் அதத்தான் சொன்னேன். சட்டசபை மனுக் குழுவுல ஏழு பேரு. மனு குடுத்தவ மட்டும் உள்ள வரணும்னாங்க. எழுதி வெச்சுக்கிட்டுப் போனதப் படிச்சேன். தலைக்கு மேல உழாம நின்னாத்தான் அது வூடு, உழற ஒண்ணக் குடுத்துட்டு குடுத்தாச்சுன்னு எழுதிக்கிட்டா குடுத்ததா ஆயிடுமான்னு கேட்டேன். கல்லு ஒடைக்கறவங்க, கரும்பு வெட்டப் போறவங்க, இவங்கள பேங்க் படி ஏத்த மாட்டான், சொந்தமாக் கட்ட இந்த சென்மத்துல முடியாது, அரசாங்கம் போட்டாத்தான் உண்டுன்னேன். இங்க காலனியில ராணி, கொழந்தைக்குத் தொட்டில் கட்ட தார்சுல கொக்கி நிக்காம, வாசல்ல மூணு கம்ப நட்டுத் தொட்டில் கட்டியிருக்கற ஃபோட்டோவக் காட்டுனேன். நல்லாத்தாங்க கேட்டுக்கிட்டாங்க.

— அப்புறம்?

— நடுவுல ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க, கொஞ்சம் வயசானவங்க. கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. குத்தம் கட்டுனதுலயா, குடியிருந்ததுலயா? கட்டுனதுலன்னா அது அரசாங்கத்தோட பொறுப்பு, பழசு கணக்குலயே வராது, புதுசாக் கட்டித் தரச் சொல்லி நாங்க எழுதலாம். அதுக்கு சாட்சி இருக்குதான்னாங்க.

— முப்பது வருசத்துச் சங்கதிக்கு சாட்சிய எங்க போயித் தேடறது.

— பக்கத்துல நின்ன அதிகாரியும் அதத்தான் சொன்னாரு. கட்டுன கான்ட்ராக்டர் செத்துட்டாரு, பேப்பரும் ஒண்ணும் மிஞ்சலன்னு. அந்தம்மா பெருமூச்சு உட்டுக்கிட்டு ஃபைல மூடப் போனாங்க.

— மூடிட்டாங்களா?

— இல்லீங்க. நான் எந்திரிச்சு நின்னேன்.

— நின்னு?

— அக்கா, நான் அங்க சொன்னது இந்த ஆர்டர்லயே ரெண்டாவது பக்கத்துல எழுதியிருக்குது. சாயங்காலம் பள்ளிக்கூடம் உட்டு வர புள்ளைங்க காலனி பூரா படிச்சுக் காட்டிடும். அதுக்கு முன்னாடி என் வாயால உங்களுக்குச் சொல்லணும். கேட்டுட்டு என்னை எந்திரிச்சுப் போன்னாலும் போறேன்.

— என்ன பேச்சு இது. மொகமெல்லாம் வேத்துப் போச்சு. இந்தா, தண்ணி குடி.

— வேணாங்க்கா, சொல்லிடறேன். போன தையில தீர்த்தகிரி அண்ணன் கேட்டாரே, உங்க வூடு பாப்பாரப்பட்டியில கல்லு மாதிரி நிக்குது, நீ எதுக்கு எங்களுக்காக செருப்புத் தேயற, அடுத்த எலெக்சன்ல நிக்கப் போறயான்னு. நீங்கதான் அவர அதட்டுனீங்க, செய்ய வந்த புள்ளயக் கேள்வி கேக்காதன்னு. நானும் சிரிச்சு மழுப்பிட்டேன்.

— ஆமா.

— இந்த முப்பத்துநாலு வூட்டையும் கட்டுன கான்ட்ராக்டர் கோவிந்தன் எங்கப்பாங்க.

— சொல்லு.

— கடைசி வாரம் ஆஸ்பத்திரி கட்டில்ல கெடந்தப்ப சொன்னாரு. எத்தினியோ கட்டினேன் பாப்பா, குட்டைமேடு மட்டும் நெஞ்சுல குத்துது, சிமெண்டக் கொறச்சேன், கம்பிய ஒல்லியாப் போட்டேன், கீழ ஜனங்க படுத்திருக்குதேன்னு அழுதாரு. அதுல மிஞ்சுனதுலதான் நான் படிச்சேன், எங்க வூடும் நிக்குது. கருமாதி முடிஞ்ச மறு வாரம் இங்க வந்தேன். உண்மையச் சொல்லத்தான் வந்தேன். உங்க தார்சுல கம்பி தொங்கறதப் பாத்ததும் நாக்கு எழும்பல. மனு எழுதித் தரேன்னு வாயில வந்துச்சு. அப்பிடியே ஆறு வருசம் ஓடிப் போச்சு.

— மெட்ராசுல அத்தினி பேரு முன்னால இதச் சொன்னியா?

— சொன்னேன். சொன்னத எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஃபைல மூடப் போன கை அப்பிடியே நின்னுச்சு. எந்தம்பி அருள்குமார் மட்டும், செத்த மனுசன சந்தியில இழுத்துட்டயேன்னு அப்பா படத்த எங்க வூட்டுச் செவுத்துலேர்ந்து கழட்டிக்கிட்டுப் போயிட்டான். மூணு மாசமாப் பேச்சில்ல. அவன் கோவம் ஞாயந்தான். ஆனா அன்னிக்கு மொரப்பூர்ல ரயில உட்டு எறங்கினப்ப, ஆறு வருசத்துல மொத தடவயா மூச்சு அடிவயிறு வரைக்கும் போச்சுங்க்கா. உங்ககிட்ட சொல்ற தெகிரியம் அப்பவும் வரல. ஆர்டர் வரட்டும், அதக் கையில வெச்சுக்கிட்டுச் சொல்லலாம்னு தள்ளிப் போட்டேன். இப்பத் திட்டுங்க. மாமாகிட்டயும் நானே சொல்லிக்கறேன்.

— திட்ட என்ன இருக்குது. எனக்குத் தெரியும் கண்ணு.

— என்ன தெரியும்?

— நீ கோவிந்தன் பொண்ணுன்னு. மொத நாளு பஸ்ஸ உட்டு எறங்கி நடந்து வந்தியே, அப்பவே. ஒரு தோளச் சாச்சிக்கிட்டு நடக்கறது அப்பிடியே அவருதான். பேரச் சொன்னதும் உறுதியாயிருச்சு. இங்க வேல நடந்தப்ப உங்கப்பா உன்னையும் வண்டியில கூட்டிக்கிட்டு வருவாரு. மணல் குமி மேல உக்காந்து வெளையாடுவ. உனக்கு ஞாபகம் இருக்காது, அவ்வளவு பொடிசு.

— தெரிஞ்சுமா எனக்கு இத்தினி வருசம் சோறு போட்டீங்க? மாமா தோள் ஒடஞ்சு கெடந்தப்பக்கூட, உங்கப்பன் கட்டுனதுன்னு ஒரு வார்த்த சொல்லலையே. ஏங்க்கா?

— எந்த வாயால சொல்லுவேன். உங்கப்பாகிட்ட அப்ப நான் சித்தாளு, பாப்பா. ஒரு சட்டி சிமெண்டுக்குப் பத்து சட்டி மணலப் போடுன்னாரு. நம்ம ஜனம் படுக்கற வூடுன்னு தெரிஞ்சும், எதுத்துக் கேட்டா மறு நாளு வேல இல்லன்னுடுவாரோன்னு பயந்து, முப்பத்துநாலு தார்சுக்கும் கலந்து தலையில ஏத்திக் குடுத்தது நான். எங்கூட்டுக்காரருக்கு இன்னிய வரைக்கும் தெரியாது. அவரு வரட்டும், நீ மொதல்ல சொல்லு, அப்புறம் நான் சொல்றேன்.