கூரைக்காரன் வீட்டுக் கூரை

புயல் பருவத்துக்கு முன்னே கூடியிருக்கும் இந்த அவைக்குத் தலைமை தாங்கும் தையற்கார அக்கா அவர்களே, மூட்டுவலியையும் மீறி முன்வரிசையில் வீற்றிருக்கும் முதியோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையர்களே, அந்த ஐயம் எள்ளளவும் இல்லாத தந்தையர்களே, அனைவருக்கும் இந்தக் கூரைக்காரனின் பணிவான வணக்கம்.

இருபது ஆண்டுகளாகத் தகரக் கூரை போடுகிறேன். இந்தத் தெருவில் நான் ஏறாத கூரையில்லை, இறுக்காத போல்ட் இல்லை, ஒரே ஒரு வீட்டைத் தவிர. எந்த வீடு? யார் வீடு? ஆம், சரியாகச் சொன்னீர்கள், என் வீடு. பின்வரிசையில் சிரிக்கும் தம்பி, கொஞ்சம் அடக்கிச் சிரியுங்கள். உங்கள் தலைக்கு மேலே இருப்பதும் என் கைவேலைதான்.

சென்ற ஆண்டு என் மனைவி சொன்னாள்: “என்னங்க, சமையக்கட்டுப் பக்கம் தகரம் ஆடுது. நாலு போல்ட் போடுங்க.”

“நாளைக்கு” என்றேன். மூன்று மாதம் சொன்னாள். மூன்று மாதமும் எனக்கு நாளையாகவே இருந்தது.

அவள் காத்திருக்கவில்லை. நம் தலைவர் அக்காவிடம் ஒரு நீலப் பை தைத்து வாங்கினாள். அடையாள அட்டைகள், மகளின் சான்றிதழ்கள், டார்ச், ஆஸ்துமாக்காரரான தன் அப்பாவின் இன்ஹேலர், எல்லாவற்றையும் அதில் வைத்துக் கதவோரம் மாட்டினாள். தலைவரோ குடம் குடமாகத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

“என்னக்கா, கப்பல்ல கெளம்புறீங்களா?” என்று கேட்டேன்.

“ஆமா தம்பி. உனக்கும் ஒரு எடம் வச்சிருக்கேன்.”

புயலன்று காலை பேக்கரிக்காரர் அழைத்தார்: “கூரை கடகடங்குதுப்பா, ஓடி வா.” என் கருவிப்பெட்டியோ துருப்பிடித்துத் திறக்க மறுத்தது. கண்ணில் பட்டது நீலப் பை. உள்ளே இருந்ததைக் கட்டிலில் கொட்டினேன். சுத்தியலைப் போட்டேன், ஸ்பானரைப் போட்டேன், ஊரைக் காக்கும் உத்தமனாகப் புறப்பட்டேன்.

மதியம் திரும்பிப் பையை அப்படியே அதே ஆணியில் மாட்டிய மறுநொடி காற்று வந்தது. கதவு அதிர்ந்தது, கட்டை முறிந்தது, நான் நாளை இறுக்கவிருந்த கூரை எழுந்து, எங்களை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் பறந்தது.

மாமனாரை நாற்காலியோடு தூக்கி எதிரே அக்கா வீட்டில் இறக்கினோம். அவருக்கு மூச்சு இழுத்தது. மகள் கையில் வந்திருந்த பையை மனைவி திறந்தாள். சுத்தியலை எடுத்தாள். என்னைப் பார்த்தாள்.

“இதையா அப்பா உறிஞ்சுவாரு?”

எத்தனையோ உயரங்களில் நின்றவன் நான். அன்று தரையில் நிற்க எனக்கு இடமில்லை. தகரம் பறக்கும் தெருவில் திரும்ப ஓடினேன். அதை வீரம் என்று எண்ணிவிடாதீர்கள், என் சோம்பலுக்கு அபராதமாக நான் ஓடிய ஓட்டம் அது. கட்டிலில் சான்றிதழ்கள் மழையில் கூழாகிக் கிடந்தன. கட்டிலுக்கடியில் துழாவி இன்ஹேலரை எடுத்து வந்தேன்.

இரண்டு முறை உறிஞ்சினார். மெல்ல, மிக மெல்ல, நெஞ்சு தணிந்தது. பேச்சு வந்ததும் என்னிடம் கேட்டார்: “மாப்ள, ஊருக்கெல்லாம் கூரை போடுறீங்க. நம்ம வீட்டு வேலைய எப்ப எடுப்பீங்க?”

அக்கா வீடே சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை. அப்பாவின் முதுகில் வைத்த கையை அவள் நெடுநேரம் எடுக்கவேயில்லை. அந்த முகத்தை இன்னொருமுறை பார்க்கும் துணிவு எனக்கில்லை, அன்பர்களே.

காற்று உங்கள் தகுதியைக் கேட்குமா? உங்கள் தொழிலைக் கேட்குமா? நாளை வருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளுமா? இந்த ஆண்டு கூரையைச் சோதிக்க மனைவியே ஏணியில் ஏறினாள்.

“ரெண்டு போல்ட் லூசா இருக்குப்பா” என்றாள் மேலிருந்து.

“மூணும்மா” என்றார் மாமனார், என்னைப் பார்த்தபடி.

எனவே பெருமக்களே, இன்றே ஏறுங்கள், இன்றே இறுக்குங்கள், இன்றே எடுத்து வையுங்கள். கேட்டவர்களுக்கும், கேட்டதுபோல் தலையாட்டியவர்களுக்கும் நன்றி சொல்லி, விடைபெறுகிறேன். வணக்கம்.