அட்மின் ரஹீமா பீவி

எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் மேல் எந்த வருத்தமும் கிடையாது, அண்ணே. சொன்னதைச் செய்யும், எதிர்த்துப் பேசாது. ரிஃபாய் அனுப்பினான் என்று கையில் வைத்திருக்கிறீர்களே, அந்த நாலு தாளையும் மேசையில் போட்டுவிட்டு டீயைக் குடியுங்கள். பஸ் ஏறி மீமிசல் வரை வந்து கேட்கிற அளவுக்கு இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

ஆரம்பித்து வைத்தது என் மகன் ரிஃபாய்தான். சார்ஜாவில் ஏசி மெக்கானிக். போனில் இடமில்லை என்று எப்போதும் புலம்புவான்.

"அடுத்தவன் எடத்துல எதுக்கும்மா நம்ம படமும் தாளும் கெடக்கணும்? பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுல லினக்ஸைப் போட்டு நம்ம வீட்டுலயே சர்வர் கட்டிருவோம். அங்கிட்டு நீங்க ஏத்துங்க, இங்கிட்டு நான் எடுத்துக்கிறேன்."

மூன்று வெள்ளிக்கிழமை அவன் வீடியோ காலில் சொல்லச் சொல்ல, என் மருமகள் ஷிஃபா தட்டினாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாஸ்வேர்டு அடிக்கிறேன், ஒண்ணுமே விழலைங்க."

"விழுகாது. லினக்ஸ்ல அப்படித்தான். நீ பாட்டுக்கு அடி."

"புதுப்பொண்ணாக்கும், மொகத்தைக் காட்டாது," என்றேன்.

"மாமி, சிரிக்க வைக்காதீங்க. தப்புத் தப்பா வருது."

கடைசியில், அட்மின் யார் பேரில் என்று ரிஃபாய் கேட்டான். அட்மின் என்றால் எல்லார் அறைக்கும் சாவி வைத்திருப்பவர். ஷிஃபா கம்ப்யூட்டர் படித்துப் பட்டம் வாங்கியவள், அவள் பேரைத்தான் போட்டிருக்க வேண்டும். அவளோ, "மாமி இருக்கையில எம்பேரு எப்படிங்க மேல வரும்? மரியாதையா இருக்காது" என்றாள். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவியைப் போடுகிற மாதிரி என்னைப் போட்டார்கள். எப்படி அழிப்பது, எப்படிப் பேரை மாற்றுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். நல்ல பிள்ளை.

பிறகு, ஷிஃபாவைச் சார்ஜாவுக்கு அழைத்துக்கொள்ள ரிஃபாய் விசாவுக்குத் தாள்கள் கேட்டான். பாஸ்போர்ட், ஜமாஅத்தில் கொடுத்த நிக்காஹ் சர்டிபிகேட், எல்லாவற்றையும் அவள் ஸ்கேன் செய்து ஏற்றினாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் நான் பாஸ்போர்ட்டை அழித்தேன். அழித்தது குப்பைத் தொட்டியில் கிடக்கும் என்று அவள் சொல்லியிருந்தாள், அதனால் அதையும் காலி செய்தேன். வீட்டைப் பெருக்கினால் குப்பையை வெளியே கொட்டுவதுதானே முறை.

"ஏத்திட்டேங்க."

"எனக்கு வரலையே."

"நல்லாப் பாருங்க."

"நான் குருடனா?"

இப்படித்தான் தொடங்கியது. அடுத்த முறை அழிக்கவில்லை. கரண்ட் பில்லை ஸ்கேன் செய்து, நிக்காஹ் சர்டிபிகேட் என்று பேர் வைத்து, அது இருந்த இடத்தில் வைத்தேன். ரிஃபாய் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அங்கே ஆபீசில் கொடுத்திருக்கிறான். கல்யாணத்துக்கு இத்தனை யூனிட்டா என்று கேட்டு அங்கிருந்த மலையாளி சிரித்தானாம். ரிஃபாய்க்குச் சிரிப்பு வரவில்லை. ஷிஃபா போனிலேயே அனுப்பிப் பார்த்தாள். எழுத்து மங்கல் என்று திருப்பிவிட்டார்கள். "நம்ம சர்வர் இருக்கையில அது எதுக்கும்மா," என்று நானும் எடுத்துச் சொன்னேன்.

ஏன் என்றுதானே கேட்கிறீர்கள். சார்ஜாவில் ஒற்றை அறை. அவன் காலையில் போனால் இருட்டித்தான் வருவான். பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி என்று, ரிஃபாயின் அத்தா மவுத்தான பிறகு இந்த வீட்டில் ஐந்து வருஷம் இருந்து பார்த்தவள் நான். அந்தக் கஷ்டத்தை ஷிஃபாவுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

பதினோரு தடவை. தாளில் அப்படித்தானே போட்டிருக்கிறது? சர்வர் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, எதை அழித்தது, எதை மாற்றியது, யார் செய்தது என்று மணியோடு எழுதிக்கொண்டே வரும் என்பது எனக்குத் தெரியாது. அதை மட்டும் ஷிஃபா சொல்லித்தரவில்லை. பதினோரு இடத்திலும் ரஹீமா பீவி என்று முழுப் பேரும் போட்டிருக்கிறதாமே. அதுவும் மரியாதை தெரிந்ததுதான்.

"ஒனக்கு வர இஷ்டமில்லைன்னா நேராச் சொல்லு" என்று ரிஃபாய் கேட்ட அன்று அவள் அடுப்படியில் நின்று அழுதாள். நான்தான் கண்ணைத் துடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு லீவுக்கும் அவன் வரவில்லை. ஆறு மாதமாக அவளோடு பேசுவதுமில்லை. தன் தாயார் பவுசியா கூப்பிட்டால்கூட ஷிஃபா இப்போது போனை எடுப்பதில்லை. "ஒங்கம்மாவுக்குப் பிரஷர், இதெல்லாம் சொல்லி ஏன் வருத்தணும்?" என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். சாயங்காலமானால் நானும் அவளும் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருகிறோம்.

ரிஃபாயிடம் சொல்லுங்கள், எல்லாத் தாளையும் இன்று காலையில் நானே சரியாக ஏற்றிவிட்டேன். ஷிஃபாவின் பாஸ்போர்ட் முடிய நாலு மாதந்தான் இருக்கிறது. ஆறு மாதம் இருந்தால்தான் விசா கொடுப்பார்களாம். இது எனக்குப் போன வருஷமே தெரியும். அதைப் புதுப்பிக்க வேண்டும். துணைக்கு நான் போகிறேன், அண்ணே. பாவம், அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.