பேர் சொல்லாத கெசட்

— மெசினை நிப்பாட்டச் சொல்லாத, பிள்ளை. அது ஓடட்டும். மெற்றில்டா முன் அறையில மிதிக்கிறது தைக்கிறதுக்கில்ல. இங்க கதைக்கிறது தெருவுக்குக் கேக்கக் கூடாது, அதுக்கு.

— வாசல்ல ‘புளோறன்ஸ் தையல் வகுப்பு’ன்னு போர்டு தொங்குதுங்களே மிஸ்.

— தொங்கும். நீ முதல்ல இதைச் சொல்லு. உனக்குப் பின்னால ஆரும் வந்தாங்களா? சந்தியில ஜீப் ஏதும் நிண்டதா?

— ஒண்ணும் நிக்கலிங்க. கோயிலடியில மெழுகுதிரி விக்கிறவங்கதான் இருந்தாங்க. மிஸ், நானு பழனிமுத்து சம்சாரம். பாக்கியலெட்சுமி.

— கையில இருக்கிற காற்சட்டையைக் கண்டவுடனேயே தெரிஞ்சு போச்சு. ஒவ்வொரு கிழமையும் அதைத்தான் தூக்கிக் கொண்டு வருவான், கால் கட்டையாக்க எண்டு. தெருவில எவனும் மறிச்சாக் காட்டுறதுக்கு. அந்தக் காற்சட்டை இண்டைக்கு வரைக்கும் ஒரு அங்குலமும் குறையேல்ல.

— நானுகூட சண்ட போட்டேங்க. ஒரு கால்சட்ட மடிச்சித் தைக்க இத்தன நாளா, அந்தத் தையக்காரி கையில என்ன புண்ணான்னு.

— சரி, அவன் எங்க? நீ ஏன் வந்தனி?

— புடிச்சிட்டுப் போயிட்டாங்க மிஸ். விடிஞ்சும் விடியாம எங்க லேனைச் சுத்தி வளைச்சாங்க. அடையாள அட்ட சரியா இருந்திச்சி. பொலிஸ் பதிவு சரியா இருந்திச்சி. போறேன்னு திரும்புனவங்கதான். தலகாணிக்கு அடியில வோக்மேன். உள்ள ஒரு கெசட்டு. சின்னப் பொலிஸ்காரரு ஒருத்தரு, சினிமாப் பாட்டாக்கும்னு காதுல வச்சாரு.

— என்ட மாதாவே.

— மூஞ்சி அப்படியே மாறிப் போச்சி. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனா ஒரு ஆம்பள அழுதுகிட்டே பேசுறது எந்த மொழியில இருந்தாலும் தெரியுந்தானுங்களே.

— கெசட்டில என்ட பேர் இருக்காது. இந்த இடமும் இருக்காது. எங்க செய்தது எண்டு அவன் சொன்னானா?

— மொதல்ல ஒங்களப் பத்திதான் கேக்குறீங்க.

— என்னைப் பத்தி மட்டுமில்ல! அந்த அலுமாரியைப் பார். அதுக்குள்ள எத்தனை பேற்ற குரல் கிடக்குதெண்டு தெரியுமா? கிளாலிக் கடல்ல வள்ளத்தில இருந்து தள்ளி விடப்பட்டவ. கண்ணைக் கட்டிக் கொண்டு போய்த் திருப்பி விடப்பட்ட பொடியன். எல்லாம் தமிழில, எல்லாம் நடந்தது நடந்தபடி. ஒண்டு அம்பிட்டா மற்றதெல்லாம் அம்பிட்ட மாதிரி. இங்க வாற ஆக்களுக்கு முதல் நாளே சொல்லிக் குடுக்கிறது அதுதான். பொலிஸ் என்ன கேட்டாலும் சிங்களத்தில ‘தன்னே நே’ எண்டு சொல்லு. தெரியாதெண்டாத் தெரியாது. அதுக்கு மேல ஒரு சொல் வேணாம்.

— எனக்கு அவரும் அதச் சொல்லித் தந்தாரு. நீங்க சொல்லிக் குடுத்ததுன்னு இப்பத்தான் தெரியுது. மிஸ் டாக்டருங்களா?

— இல்ல.

— நர்சு?

— இல்லயெண்டுறன். நான் கந்தோரில டைப் அடிச்சவ. பிறகு ஒரு வெள்ளைக்கார டொக்டரம்மாவுக்கு மொழிபெயர்க்கப் போனனான், வவுனியாவில, முகாம் முகாமா. சனம் சொல்லுறதை இங்கிலீசில அவவுக்குச் சொல்லுவன். அவ சொல்லுறதைத் தமிழில சனத்துக்குச் சொல்லுவன். பிறகு அவட விசாவை நிப்பாட்டினாங்க, அவ போய்ட்டா. சனம் போகேல்லயே. ஒண்டொண்டா என்னைத் தேடி இங்க கொட்டாஞ்சேனைக்கு வரத் தொடங்கிச்சுதுகள். ஒரு பெரிய டொக்டர் ஆள் விட்டுச் சொன்னார், பதிவில்லாமல் இந்த வேலை செய்தா வழக்குப் போடுவம் எண்டு. போடுங்கோ ஐயா, ஆனா இதுகளுக்குத் தமிழில காது குடுக்க ஆரையும் அனுப்பிப் போட்டுப் போடுங்கோ எண்டன். இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் வரேல்ல.

— அவருக்கு நீங்க என்னதான் செஞ்சீங்க? மருந்தும் இல்ல, மாத்திரையும் இல்ல.

— சொல்ல வைப்பன். அந்த நாள்ல நடந்ததைத் துவக்கம் துவங்கி முடிவு வரைக்கும், இப்ப நடக்குற மாதிரி, வாயால சொல்ல வேணும். அதைக் கெசட்டில புடிச்சுக் குடுப்பன். வீட்டில ஒவ்வொரு நாளும் ஒருக்காக் கேக்க வேணும். முதல்ல வாந்தி வரும், கை கால் நடுங்கும். கேக்கக் கேக்க நெஞ்சு பழகும். உனக்குத் தெரியாதே அவன் எப்படி வந்தவன் எண்டு? மரத்துக்குக் கீழ நிக்க மாட்டான். புறக்கோட்டையில மூட்டை தூக்கிப் போட்டு, எல்லாரும் நிழல்ல குந்தியிருக்க இவன் நடு றோட்டில வெய்யில்ல நிப்பான். கடைசியில போன மாதம் வந்து சொன்னான், மிஸ், வெள்ளவத்தையில ஒரு வேப்ப மரத்துக்குக் கீழ இருந்து சோறு திண்டனான் எண்டு. நான் அழுதிட்டன்.

— எனக்குத் தெரியுங்க. தூங்கவும் ஆரம்பிச்சாரு. முன்னெல்லாம் ராத்திரியில கத்துவாரு, கைய வீசுவாரு, என் கன்னம் வீங்கிக் கெடக்கும். அப்பறம் பச்சப்புள்ள மாதிரி தூங்குனாரு. நாந்தான் பக்கத்துல முழிச்சிக்கிட்டுக் கெடந்தேன். மனுசன் நல்லாயிட்டாரு, எதுலேருந்து நல்லாயிட்டாருன்னுதான் எனக்குத் தெரியல. அது இன்னைக்குக் காலையில தெரிஞ்சி போச்சி.

— ஆர் சொன்னது?

— அவரேதான். அந்தக் கெசட்டுல.

— உன்னைக் கேக்க வச்சாங்களா?

— ஸ்டேசன்ல தமிழ் தெரிஞ்சவரு லீவாம். எனக்குச் சிங்களம் நல்லா வரும் மிஸ். சின்னதுல களனியில ஒரு நோனா வீட்டுல வேல செஞ்சேன், அதுக்கப்பறந்தான் எங்க ஆளுக எல்லாம் தோட்டத்த விட்டுட்டு வன்னிக்குப் போனது. அவருக்கு மூட்ட தூக்குற சிங்களம் மட்டுந்தான். அடி விழுந்தா அதுவும் மறந்துரும். மேசையில வோக்மேன வச்சி, ஸ்பீக்கரு மாட்டி, ‘நீ சொல்லு, இவன் என்ன சொல்றான்’னாங்க. அவரும் அங்கதான், தரையில ஒக்காந்திருந்தாரு.

— நான் அந்தக் கதிரையில இருந்தவ, பாக்கியம். அடுத்தவன்ட சாவை வாயில வச்சுத் திருப்பிச் சொல்லுற வேலை. எனக்குத் தெரியும்.

— ஒங்களுக்குத் தெரியாதுங்க. நீங்க அடுத்தவங்களுக்குச் சொன்னீங்க. நான் சொன்னது என்னான்னா... ‘அவன நாந்தான் மரத்தடியில நிக்க வச்சேன். கன்னத்துல அறஞ்சேன். அசைஞ்சா கொன்னுருவேன்னு சொன்னேன். அவன் அசையல. அவனக் கொன்னது நாந்தான்.’ அப்புடியே, வார்த்தைக்கு வார்த்தை, சிங்களத்துல. ஸ்டேசன் பெரியவரு எழுதிக்கிட்டே இருந்தாரு. எவனையோ மரத்தடியில நிக்க வச்சிக் கொன்னுட்டு வந்தா எங்கூட குடும்பம் நடத்துறாரு இந்த மனுசன்னு நெனச்சேன்.

— ஐயோ, அது அப்படியில்ல...

— இருங்க மிஸ். அப்பறந்தான் ‘தகரம்’னாரு. அவன அங்க நிக்க வச்சிட்டுக் கூரைத் தகரத்தக் கழட்டத் திரும்பிப் போனேன்னாரு. நான் அப்படியே நின்னுட்டேன். அந்தத் தகரம் எங்க வீட்டுத் தகரம்.

— ஓம். சொல்லு, பிள்ளை.

— கிளிநொச்சிய விட்டு ஓடுன அன்னைக்கு நானு கைக்கொழந்தையோட டிராக்டர்ல முன்னுக்கே போயிட்டேன். பெரியவன அவர்ட்ட விட்டுட்டுப் போனேன். சாயங்காலம் அவரு மட்டுந்தான் வந்தாரு. என்ன சொன்னாரு தெரியுங்களா? ப்ளேன் வந்திச்சி, எல்லாரும் பங்கருக்கு ஓடுனோம், இவன் கைய ஒதறிட்டு மரத்துப் பக்கம் ஓடிட்டான், சொல்லச் சொல்லக் கேக்கலன்னாரு. நானும் நம்புனேன். அன்னையிலேருந்து எம்புள்ளயத் திட்டிக்கிட்டே இருக்கேன் மிஸ். திவசத்துக்குச் சோறு வைக்கிறப்பவும் திட்டுவேன். சொன்ன பேச்சு கேட்டிருந்தா இன்னைக்கு இருப்பியேடா, அடங்காத பயலே, என் வயித்த எரிச்சிட்டுப் போயிட்டியேன்னு. அவரு பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டேதான் இருந்தாரு.

— பாக்கியம்...

— அவன் சொன்ன பேச்சு கேட்டிருக்கான். ப்ளேன் வந்து ஊரே ஓடுறப்பவும் எம்புள்ள ஓடல. அப்பா அசையாதன்னாரேன்னு நின்னுருக்கான். அசைஞ்சிருந்தாத் தப்பிச்சிருப்பான். அத ஒங்கட்ட சொல்லியிருக்காரு. டேப்புல பேசியிருக்காரு. தெனமும் அவரே கேட்டிருக்காரு. எங்கட்ட மட்டும் சொல்லல.

— மனுசியையும் கூட்டிக் கொண்டு வா எண்டு எத்தனை தரம் கேட்டனான். ஏலாது, அவ என்னை வெட்டிப் போடுவா எண்டான். அவன் எனக்குச் சொன்னதை உனக்குச் சொல்ல எனக்கு உரிமையில்ல, பிள்ளை. அந்தச் சட்டத்தையாவது நான் காப்பாத்த வேணும்.

— லைசன்சு இல்லாதவங்களுக்கு என்னங்க சட்டம்?

— ஓம். கேள். நீ கேக்கத்தான் வேணும்.

— அவரு தூங்கணும்னு பாத்தீங்க. அந்தத் தூக்கம் யாருட்டேருந்து வந்திச்சின்னு பாத்தீங்களா?

— பாக்கேல்ல. என்ட கண்ணுக்கு முன்னால இருந்தவன் அவன்தான். உன்னை நான் காணேல்ல.

— இப்ப கண்டுட்டீங்க.

— கண்டிட்டன். இப்ப நான் என்ன செய்ய வேணும், சொல்லு. ஸ்டேசனுக்குப் போய், ஐயா இது வைத்தியம், இந்த மனுசன் ஒருத்தரையும் கொல்லேல்ல எண்டு சொன்னா, நீ ஆர் எண்டு கேப்பாங்கள். ஆஸ்பத்திரியா, மெடிக்கல் கவுன்சில் நம்பர் இருக்கா எண்டு கேப்பாங்கள். ஒரு டொக்டர் தன்ட கடதாசியில ரெண்டு வரி எழுதினா அவன் பின்னேரம் வீட்ட வந்திடுவான். நான் எழுதினா எனக்கும் அவனுக்குப் பக்கத்தில ஒரு இடம். என்னை ‘ஆக்களுக்கு வாக்குமூலம் பழக்குறவ’ எண்டு வைப்பாங்கள்.

— நானு ஒங்கள வரச் சொல்லல.

— பிறகு எதுக்கு வந்தனி?

— ஒண்ணு கேக்கணும். அந்தக் கெசட்டு முழுக்க ‘அவன்’ ‘அவன்’னே இருக்கே, அது ஏன்? பெத்த புள்ளய, எட்டு வருசம் தோள்ல தூக்கிச் சுமந்த புள்ளய, தெருவுல போற எவனையோ சொல்ற மாதிரி அவன் அவன்னு. ஒரு எடத்துல கூட பேரில்ல. ‘எம்புள்ள’ன்னு இல்ல. அதக் கேக்கக் கேக்கத்தான் எனக்கு உள்ளுக்குள்ள ஏதோ அத்துப் போச்சி.

— அது என்ட பிழை.

— என்ன?

— என்ட சட்டம். கெசட்டில பேர் சொல்லக் கூடாது, ஊர் சொல்லக் கூடாது, இன்னாருக்கு நான் இன்ன முறை எண்டும் சொல்லக் கூடாது. அம்பிட்டாலும் ஆரையும் புடிக்க ஏலாதே எண்டு வச்ச சட்டம். முதல் நாள் ‘எம்மகன்’ எண்டு வாயெடுத்தான். நான் கையை நீட்டி மறிச்சன். அவன் எண்டே சொல்லு போதும் எண்டன். ஒவ்வொரு தரமும் அழுவான், மிஸ், ஒருக்கா, ஒரே ஒருக்காப் பேரச் சொல்லிக் கூப்புடவா எண்டு. நான் விடேல்ல.

— கேட்டாரா?

— கேட்டவன்.

— பேரச் சொல்லவான்னு கேட்டாரா மிஸ்?

— கெஞ்சினவன், பிள்ளை. ஏன் அப்படிச் சுவரைப் புடிக்கிறாய்? இரு, இந்தக் கதிரையில இரு. தண்ணி குடி.

— வேணாங்க.

— அப்ப நான் சொல்லுறதைக் கேள். நான் வாறன்.

— எங்க?

— ஸ்டேசனுக்கு. மெற்றில்டா! மெசினை விட்டிட்டு வா. இந்தா அலுமாரித் திறப்பு. உள்ளுக்கு இருக்கிற கெசட் எல்லாத்தையும் பின் அடுப்பில போடு. ஓம், எல்லாத்தையும்தான். என்னைக் கேள்வி கேளாத, நாடாவை இழுத்து இழுத்து எரி. அதுகள் திரும்பவும் துவக்கத்தில இருந்து சொல்லட்டும், உயிரோட இருந்தாச் சரி.

— மிஸ், ஒங்களையும் உள்ள போட்டுருவாங்க.

— போடட்டும். பேரில்லாமல் ஆக்கினவ நான். நானே போய்ப் பேரைச் சொல்லுறன். சொல்லு, பிள்ளையிட பேர் என்ன? எனக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியாது.

— அழகுமுத்து.

— அழகுமுத்து. நல்ல பேர். வா, நீயும் வா. நான் இங்கிலீசில சொல்லுறன், நீ சிங்களத்தில சொல்லு. பெத்த தாய் வந்து நிண்டு, அந்த ‘அவன்’ என்ட பிள்ளை எண்டு சொன்னா, எந்தப் பொலிஸ்காரனும் கேப்பான். அவங்களுக்கும் பிள்ளைகள் இருக்கு. காலையில உனக்கு வாய் வந்திருக்காது, எனக்கு விளங்குது. இப்ப சொல்லலாம்.

— காலையிலயே அவரு சொல்லிட்டாருங்க.

— ஆர், பழனிமுத்துவா? பேரையா?

— பெரியவரு டேப்ப நிப்பாட்டிட்டு, யாரக் கொன்னன்னு கேட்டாரு. இவரு தரையிலேருந்து எந்திரிச்சி, என்னையவே பாத்துக்கிட்டு, அழகுமுத்து, எம்மகன் அழகுமுத்துன்னு தொண்ட கிழியக் கத்துனாரு. தமிழ்லதான்.

— பிறகென்ன? நீ பக்கத்திலதானே நிண்டனி. விடாமல் ஏன் வச்சிருக்கிறாங்க?

— இவன் என்ன சொல்றான், யாரு இந்த அழகுமுத்துன்னு என்னையக் கேட்டாங்க மிஸ். நானு ‘தன்னே நே, மாத்தயா’ன்னுட்டேன்.