குப்பைமேட்டுக்கு அடுத்த தரிசு

நள்ளிரவு தாண்டிவிட்டது. ஏரிக்கரைச் சாலையில் ஒரு விளக்கும் இல்லை... முசரவாக்கம் பக்கமிருந்து ஒற்றை பைக் மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தச் சாலைதான் இது. குப்பை லாரியை மறிக்க முள்ளை வெட்டிப் போட்டு ராத்திரிக் காவல் இருக்கிறோமே, இதே இடத்தைத் தாண்டித்தான் அந்த பைக் போனது. ஓட்டி வந்தவர் குமரகுரு. நம் பரசுராமனுக்குச் சகலை. குப்பைமேட்டைப் பெரிதாக்கக் கூட்டிய கூட்டத்தில் அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னதால்தான் முடிவு எடுக்காமல் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். சந்தேகம் என்றால் பரசுராமனைக் கேளுங்கள், அதோ போர்வைக்குள் இருக்கிறான்.

குமரகுரு நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவர். தறிக்காரக் குடும்பம், பரம சாது. நகரத்துக் குப்பையைக் கொட்டிக் கொட்டி மேடு நிரம்பிவிட்டது. பக்கத்துத் தரிசையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. ஆனால் ஊரின் முழுமைத் திட்டத்தில் எதையும் கொட்டக் கூடாது என்று அந்தத் தரிசுக்குப் பச்சை அடித்திருக்கிறார்கள். மழைத் தண்ணீர் வடிந்து ஏரிக்குப் போகிற இடம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, இல்லை என்று சொல்லக் கூடாது. கருடசேவை அன்று சாப்பிட்ட இலையை யார் வீட்டில் கொண்டுபோய்க் கொட்டுவது? ஏரி கெட்டுப்போனால் எதை வயலுக்குப் பாய்ச்சுவது? மறுநாள் காலை கூட்டம். இடத்தைப் பார்த்துவிட்டு வந்த குமரகுருவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். அந்தத் தரிசில் என்ன இருக்கிறது?

பகலில் போய்ப் பார்த்தால் சீமைக்கருவேல முள்ளும் கண்ணாடிச் சில்லும்தான். ஆனால் அவருக்குத் தெரியும். பல் முளைக்காமல் செத்துப்போகிற பிள்ளைகளை அங்கேதான் புதைப்பார்கள். கல் நடுவதில்லை, பெயர் எழுதுவதில்லை. நாய் தோண்டாமல் இருக்க மேலே முள்ளை இழுத்துப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். மறுநாள் பால் தெளிக்கப் பங்காளிகள் போவார்கள், பெற்றவன் போகக் கூடாது. பெற்றவளுக்கோ இடத்தையே சொல்வதில்லை.

குமரகுருவும் ஒன்றை அங்கே வைத்துவிட்டு வந்தவர்தான். பெயர்கூட வைக்காத பெண் குழந்தை. மனைவி கமலவேணி எங்கே, எங்கே என்று கேட்டு ஓயாதபோது, ஓரிக்கையில், ஆற்றங்கரையில் என்று ஒரு பொய்யைச் சொன்னார். குப்பைமேட்டுப் பக்கம் என்று எந்த வாயால் சொல்வது? அவள் அதை நம்பி வருஷந்தவறாமல் பாலாற்று மணலில் பால் ஊற்றிவிட்டு வருகிறாள். இப்போது கூட்டத்தில் உண்மையைச் சொன்னால் அவள் காதுக்கும் வந்துவிடும். சொல்லாவிட்டால் பிள்ளைமேல் குப்பை விழும். பாவம், மனுஷன் என்ன செய்வார்?

ஒரு வழி தோன்றியது அவருக்கு. அந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒரு பிடி மண்ணை அள்ளி ஓரிக்கையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டால், பொய் மெய்யாகிவிடும். அப்புறம் கூட்டத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். கமலவேணி தூங்கிய பிறகு வெளியே பூட்டிக்கொண்டு கிளம்பினார்.

மேடு புகைந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம், அழுகல் நாற்றம்... மூக்கைப் பொத்திக்கொண்டு முள்ளுக்குள் நுழைந்தார். கொஞ்ச தூரம் போயிருப்பார். நாற்றம் பட்டென்று நின்றுவிட்டது.

அதற்குப் பதிலாகப் பச்சைப் பால் வாசனை.

சொட்... சொட்... காய்ந்த மண்ணில் ஏதோ விழுகிற சத்தம். செல்போன் வெளிச்சத்தை அடித்தார். முதுகைக் காட்டிக்கொண்டு பெண்கள் குந்தியிருந்தார்கள். ஒருத்தி இரண்டு பேர் இல்லை, வெளிச்சம் எட்டுகிற வரைக்கும் முதுகுதான். எல்லார் கையிலும் சொம்பு.

"தள்ளி நில்லுப்பா," என்றாள் ஒருத்தி, திரும்பாமலே. "மிதிக்கிற."

தள்ளி நின்றார்.

"அங்கயும் இருக்குது."

ஒரு காலைத் தூக்கினார். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒற்றைக் காலில் நடுங்கிக்கொண்டே, "எம் பொண்ணு எங்கமா இருக்குது?" என்று கேட்டார்.

"வெச்சவன் நீ. என்னக் கேக்கற?" அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். "எங்களுக்கு யாருப்பா சொன்னாங்க? செத்த பின்னாலயும் தேடிக்கினுதான் இருக்கறோம். எது எங்களுதுன்னு தெரியல... அதான் எல்லாத்துக்கும் ஊத்தறோம்."

ஒருத்தி மட்டும்... அவர் காலடியிலேயே குனிந்திருந்தவள்... வாயைத் திறக்கவில்லை. அவள் பக்கம் வெளிச்சத்தைத் திருப்ப அவருக்குத் தைரியம் வரவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதார். மண்ணை அள்ள வந்தவர் மண்ணைத் தொடவே இல்லை. எப்படி வண்டிக்கு வந்து சேர்ந்தார் என்பது அவருக்கே தெரியாது.

வீட்டில் பூட்டு போட்டபடியே இருந்தது. சாவி அவர் சட்டைப் பையில். கமலவேணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

விடிந்ததும் குளித்துச் சட்டையை மாட்டினார். ஒன்றுமில்லை என்றே சொல்லிவிட்டால் என்ன என்று மனம் மறுபடியும் சறுக்கியது. பயந்தவன் புத்தி அப்படித்தான் போகும். கமலவேணி டம்ளரை நீட்டினாள். கடுங்காப்பி.

"பாலு இல்லியா?"

"தீந்துபோச்சு."

முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பாக்கெட்டை அவர்தான் வாங்கி வைத்தார். டம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"கூட்டத்துல சொல்லிடுங்க," என்றாள் அவள். "இனிமே நான் ஓரிக்கைக்குப் போவல."

அவர் டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினார். வாசல் வரைக்கும் கூடவே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் செருப்பு மாட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி ஒத்தக் கால்ல நின்னீங்களே..."

அவர் நிமிர்ந்தார்.

"தூக்கின காலு இல்லிங்க. ஊனிக்கினு நின்னீங்களே, அந்தக் காலு... அதுக்குக் கீழதான் இருந்துச்சு. ரொம்ப நேரம் மிதிச்சிக்கினே இருந்தீங்க."