அவள் சொல்ல, நான் எழுத

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த காலத்திலும், பிரிவுபசார மடல் எழுத வேண்டுமென்றால் என் மேசைக்குத்தான் வருவார்கள். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கையெழுத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. அதனால், பார்வையில்லாத ஒரு மாணவிக்குப் பொதுத் தேர்வு எழுத ஆள் வேண்டும் என்று பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியை கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டேன். மாணவி விடையைச் சொல்வாள், நான் அதை அப்படியே விடைத்தாளில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

நீங்கள் தேர்வுத் துறையிலிருந்து என்னை விசாரிக்க வந்திருக்கிறீர்கள். என் குடும்ப நிலவரம் கேட்டீர்கள். சொல்ல அதிகமில்லை. திருமணம் அமையவில்லை. அம்மா போன பிறகு இந்த இரண்டு அறைகளில் நான் மட்டும். சில நாட்கள் சாயங்காலம் கடையில் பால் கேட்கும்போது குரல் கரகரக்கும். அன்று முழுவதும் வாயைத் திறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரியும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பழகிவிட்ட விஷயம்.

அந்தப் பெண்ணை வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். சிறு வயதில் ஒரு காய்ச்சலில் பார்வை போனது. அப்பா பேருந்து ஓட்டுநர், அம்மா வீட்டிலேயே தையல் தைப்பவர். தேர்வுக்கு முன் இருவருக்கும் பழக்கம் வரட்டும் என்று தலைமையாசிரியை அவளைச் சாயங்காலங்களில் என் வீட்டுக்கு அனுப்பினார். நான் பாடத்தை வாசிப்பேன், அவள் கேட்டுத் திருப்பிச் சொல்வாள். முதலில் மேடம் என்றாள். ஒருநாள் யாரும் சொல்லாமலே பெரியம்மா என்று கூப்பிட்டாள். அன்று நான் வாசித்த பக்கத்தையே மறுபடியும் வாசித்திருக்கிறேன். அவள்தான் சொல்லிச் சிரித்தாள்.

நன்றாகப் படிக்கிற பெண். வரலாறு என்றால் கொள்ளை ஆசை. "ஏன் பெரியம்மா, இந்த ராஜாக்களுக்கெல்லாம் வேற பொழப்பே இல்லையா? அவங்க அடிச்சுக்கிட்டுப் போய்ச் சேர்ந்துட்டாங்க, வருஷத்தை மனப்பாடம் பண்ணி நம்ம உயிரு போகுது" என்பாள். என் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று அவள் கைகளுக்குத் தெரியும். அவள் இடித்துக்கொள்ளக் கூடாதென்று நான் எந்த நாற்காலியையும் இடம் மாற்றியதில்லை.

தேர்வு நெருங்கியபோது ஒருநாள் சொன்னாள்: "பாஸ் பண்ணிட்டா வெளியூர் காலேஜ்ல சேர்த்துடுவாங்க. ஹாஸ்டல் இருக்காம். அப்புறம் உங்களுக்கு என் தொல்லை விட்டுச்சு."

"நல்லதும்மா" என்றேன்.

மற்றப் பாடங்களில் அவள் சொன்னதை ஒரு புள்ளி பிசகாமல் எழுதினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வரலாறு கடைசித் தேர்வு. அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்ததால் எங்களுக்குத் தனி அறை; பழைய வரைபடங்களைச் சுருட்டி வைத்திருக்கும் சின்ன அறை. மேற்பார்வை ஆசிரியர் வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். உலகப் போருக்கான காரணங்களை அவள் கதை மாதிரி சொன்னாள், கண்ணால் பார்த்தவள் போல. கேட்டுக்கொண்டே நான் எழுதினேன். அவள் சொன்னதை அல்ல. காரணங்களின் இடத்தில் விளைவுகளை எழுதினேன், ஆண்டுகளை மாற்றினேன், சில விடைகளைப் பாதியில் விட்டேன். பிழைகளும் ஒரு மாணவி செய்யக்கூடிய பிழைகளாக இருக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

"ஒருதடவை படிச்சுக் காட்டுங்க, பெரியம்மா."

படித்துக் காட்டினேன். தாளில் இருந்ததை அல்ல, அவள் சொன்னதை. தட்டச்சருக்குக் காதில் விழுந்தது அவ்வளவு சீக்கிரம் மறக்காது. அவள் திருப்தியாகத் தலையாட்டினாள்.

அந்த ஒரு பாடத்தில் தோற்றாள். என் மடியில் படுத்து அழுதாள். மறுதேர்வுக்குப் படிக்க மறுபடியும் சாயங்காலங்களில் வந்தாள். மறுதேர்விலும் தோற்றாள்.

அவள் அப்பா என்னைப் பார்க்க வந்தார். "போதும்மா. வராத படிப்பை ஏன் போட்டு இழுக்கணும்? அவ அம்மாகூட உக்காந்து பட்டன் தைக்கட்டும்" என்றார். நான்தான் அவரிடம் எடுத்துச் சொன்னேன். பெண்ணுக்கு மூளை இருக்கிறது, பதற்றம்தான் காரணம், இன்னொரு முறை எழுதட்டும் என்றேன். அவர் கண் கலங்கிக் கைகூப்பினார். நான் இல்லாவிட்டால் அவள் படிப்பு அன்றே நின்றிருக்கும். இதையும் எழுதிக்கொள்ளலாம்.

அதன் பிறகு சிட்டுவிடம் ஒரு மாற்றம் வந்தது. "மனசுல நினைக்கிறது ஒண்ணு, வாயில வர்றது வேறயா, பெரியம்மா?" என்று கேட்டாள். பதற்றத்தில் சிலருக்கு அப்படி ஆகும் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்றாள். அவள் அம்மா வந்து புலம்பினார்: "தண்ணி குடுன்னு கேக்குறா. உடனே, நான் தண்ணின்னுதானே சொன்னேன்னு கேக்குறா. பயமா இருக்குங்க."

டாக்டரிடம் நானே அழைத்துப் போனேன். படபடப்பு குறைய மாத்திரை கொடுத்தார். சாயங்கால மாத்திரையைத் தவறாமல் நானே கையில் வைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டால் அவளுக்குக் கண் சொருகும். பேச்சு குறைந்தது, ராஜாக்களைப் பற்றிய கிண்டல் எல்லாம் போயிற்று. ஆனால் வந்துகொண்டிருந்தாள். நான் வாசிப்பேன், அவள் என் தோளில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அமைதியான சாயங்காலங்கள்.

அடுத்த வருடப் பொதுத் தேர்வுக்குச் சற்று முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து எனக்கு மணிக்கட்டு முறிந்தது. ஒரு கல்லூரி மாணவியை ஏற்பாடு செய்தார்கள். சிட்டு பேசத் திணறினாளாம். அந்தப் பெண் பொறுமையாக இருந்து, சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறாள். பள்ளியிலேயே வரலாற்றில் சிட்டுதான் முதல்.

தலைமையாசிரியைக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. சிட்டுவையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்து நேரடியாகக் கேட்டார். நான் மறைக்கவில்லை. அவள் அப்பா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிட்டு உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நான் சரியாத்தான் சொன்னேனா?"

"சரியாத்தான் சொன்னே. ஒரு வார்த்தை தப்பு இல்ல."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

அவள் கையை நீட்டி அப்பாவின் தோளைத் தேடிப் பிடித்தாள். அவரை எழுப்பி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். திட்டவில்லை, சபிக்கவில்லை. மனதில் கோபம் இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள்தானே?

வேண்டுமென்றே செய்தேன். ஒப்புக்கொள்கிறேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். அவளைப் பார்த்தால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். கல்லூரியிலும் தேர்வுகள் இருக்கும், அங்கேயும் எழுத ஆள் வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு அவள் பேசுவது சட்டென்று பிடிபடாது. அவளுக்கு நம்பிக்கையான ஆள் ஒருவர் கூட இருப்பது நல்லது. நான் அந்த ஊருக்கே வரத் தயார்.